நோட்டில் உள்ளபடி அவுட்புட்

இன்றும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திருச்சியில் நான் படித்த கல்லூரியில் ஜாவா பிராக்டிகலுக்கு ஒரு வழக்கம். ரெக்கார்டு நோட்டில் வலப்பக்கம் புரோகிராம், இடப்பக்கம் பென்சிலால் அவுட்புட். புரோகிராமை ஓட்டிப் பார்த்து யாரும் அதை எழுதுவதில்லை. சீனியர் நோட்டைப் பார்த்து வகுப்பே எழுதும். பரீட்சையன்று திரையில் வருவது அதோடு ஒத்துப்போக வேண்டும்.

எனக்கு வந்த புரோகிராமின் கடைசி வரி, புரோகிராமுக்குள் உருவாக்கிய ஒரு பொருளை, அதாவது ஆப்ஜெக்டை, சிஸ்டம்.அவுட்.பிரின்ட்எல்என் என்ற கட்டளையால் அப்படியே பிரின்ட் செய்வது. திரையில் அது எந்த வகை என்று சொல்லும் கிளாஸின் பெயர், ஒரு @ குறி, பின்னால் ஒரு எண் வந்தது. நோட்டில் இருந்த எண் வேறு.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் உதட்டைப் பிதுக்கினார். "அவுட்புட் தப்பும்மா. சரி பண்ணுங்க, இல்லேன்னா ஃபெயில்தான்."

அரியர் இல்லாமல் முடித்தால்தான் வேலை என்று சென்னைக் கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது. எங்கள் ஊர் மண்ணச்சநல்லூரில் அப்பா அதைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்.

"தப்பில்ல சார். சிஸ்டம்ங்கிறது கிளாஸ், அவுட் அதுல இருக்கிற ஆப்ஜெக்ட், பிரின்ட்எல்என் அதோட மெத்தட். ஒரு ஆப்ஜெக்டைக் கொடுத்தா, உன்னை எப்படிக் காட்டணும்னு அதுகிட்டயே கேக்கும். டூஸ்ட்ரிங் மெத்தட்ல நாம பதில் எழுதி வைக்கலேன்னா, கிளாஸ் பேரும் ஒரு நம்பரும்தான் வரும். அந்த நம்பர் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும் சார்."

"நோட்டுல இருக்கிறதுதான் அவுட்புட்."

இதையெல்லாம் எங்களுக்கு நடத்திய மேடம் பக்கத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குனிந்து என் காதில், "ஆர்க்யூ பண்ணாத. நோட்டுல உள்ளதை டபுள் கோட்ஸுக்குள்ள போட்டுடு" என்றார்.

ஆத்திரத்தோடு ஆப்ஜெக்டை அழித்தேன். எவர் கம்ப்யூட்டரில் எந்தக் காலத்தில் வந்ததோ தெரியாத அந்த எண்ணை, இரட்டை மேற்கோளுக்குள் எழுத்து பிசகாமல் அடித்தேன். மேற்கோளுக்குள் இருப்பதை யாரிடமும் கேட்காமல் அப்படியே ஒப்பித்துவிடும் ஜாவா. ஒப்பித்தது.

"இப்ப கரெக்ட்" என்று தேர்வாளர் முழு மதிப்பெண் போட்டார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஊருக்குப் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்த பிறகும் கோபம் ஆறவில்லை. அப்போது அப்பாவின் போன்.

"நோட்டுல எழுதினது அப்படியே வந்துச்சாம்மா?"

"அப்படியே வந்துச்சுப்பா" என்றேன்.