எங்களோடு ஒரு மேட்சும் ஜெயிக்காத தனசேகர் சார்

தனசேகர் சார் போய்விட்டார்.

காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது எங்கள் கோல்கீப்பர் தேவி போன் செய்தாள். "ஏய்... நம்ம சார் எந்திரிக்கவே இல்லையாம்டி. தூக்கத்துலயே போயிட்டாராம்." இரண்டு பேரும் போனை வைக்கவே இல்லை.

இதை அம்மாவின் ஃபேஸ்புக் ஐடியிலிருந்து எழுதுகிறேன். நான் பதினொன்றாம் வகுப்பு. புதுவாயல் பக்கம் எங்கள் ஸ்கூல். கேர்ள்ஸ் ஃபுட்பால் டீமில் லெஃப்ட் பேக். சார் எங்கள் கோச்.

இன்று ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. புத்தகத்தை எடுக்கிறேன், வைக்கிறேன். ஃபேஸ்புக்கைத் திறந்தால் சாரின் பழைய போட்டோக்கள்தான்... சென்னையில் பெரிய காலேஜ், கையில் கப், சுற்றிலும் உயரமான அண்ணன்கள். "தோல்வியே அறியாத கோச்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

அறியாதவரா? எங்களைக் கேளுங்கள் அண்ணா.

ரிட்டயர் ஆனதும் சார் கும்மிடிப்பூண்டியில் மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். அங்கிருந்து தானாகவே எங்கள் ஸ்கூலுக்கு வந்து, டீமை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எங்கள் கிரவுண்டில் பாதி இடம் லாரிகளுக்கு. மீதி எங்களுக்கு.

கிரவுண்டை ஒட்டி டயர் கடை வைத்திருக்கும் முருகேசன் அண்ணன் முதல் நாளே ஆரம்பித்துவிட்டார். "இன்னா சார், காலேஜ்ல ரெடிமேடா ஆளுங்கள வச்சிக்கினு கப்பு தூக்கிட்டீங்க. இதுங்கள வச்சிக்கினு ஒரு கோல் போட்டுக் காட்டுங்க பாப்போம்!"

சார் திரும்பக்கூட இல்லை. "நீ டயருக்குக் காத்து புடி முருகேசா. பந்துக்கு நான் புடிச்சிக்கிறேன்."

நாங்கள் சிரித்தோம். ஆனால் எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. ஒரு நாள் கேட்டேவிட்டேன். "சார், அப்போ உண்மையிலேயே நீங்க ஜெயிச்சீங்களா, இல்ல அந்த பிளேயர்ஸ் ஜெயிச்சாங்களா?"

தேவி என் தொடையில் கிள்ளினாள். சார் விசிலைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அதான்மா எனக்கும் தெரியல. தெரிஞ்சிக்கலாம்னுதான் இங்க வந்தேன்."

காலேஜில் அவருக்கு ஒரே ரூல். பிராக்டிஸுக்கு வராதவருக்கு மேட்ச் கிடையாது. இங்கேயும் அதையே வைத்தார்.

எங்கள் டீமில் பாதிப் பேர் ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து வருபவர்கள். பழவேற்காடு ஏரியில் வலை போட ஒவ்வொரு வீட்டுக்கும் முறை உண்டு. அதைப் பாடு என்பார்கள். பாடு வந்த நாளில் வீட்டில் எல்லோருக்கும் வேலை.

முதல் மேட்சுக்கு முந்தின நாள் தேவி வரவில்லை. மறுநாள் ஷூவைக் கட்டிக்கொண்டு நின்றவளிடம் சார் காரணம் கேட்டார்.

"நேத்து எங்க ஊட்டுப் பாடு சார். அத்த வுட்டா அடுத்த முறை வர்ற வரைக்கும் வலை போட முடியாது. எறா பிரிக்க ஆளில்ல."

"ரூல்னா ரூல். வெளிய உக்காரு."

கோலில் வேறொரு பெண்ணை நிறுத்தினார். பந்தைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்வாள், பாவம். எத்தனை கோல் வாங்கினோம் என்று எழுத மனமில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் தேவி மெதுவாகக் கேட்டாள். "சார், மேட்ச் இன்னாச்சுன்னு எங்க நைனா கேப்பாரு. இன்னா சொல்லட்டும்?"

சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் அவர் குப்பத்தில் நின்றாராம். தேவி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "ஷூவோட சேத்துல நின்னுக்கினு, யார் ஊட்டுக்கு எப்போ பாடுன்னு எங்க நைனாவ கேள்வி மேல கேள்வி கேட்டுக்கினு இருக்காரு!"

அவள் அப்பாவும் விடவில்லையாம். "இவ கோலு புடிக்கிறாளா சார், இல்ல சும்மா நிக்கிறாளா?"

"இவ இல்லாம நாங்கதான் சும்மா நின்னோம்" என்றாராம் சார்.

அதன் பிறகு பாடு பார்த்துத்தான் பிராக்டிஸ். எங்களைப் போல நெல் போடும் வீடுகளில் நடவு நாளும் கேட்டுக்கொள்வார்.

அப்படியும் உடனே ஜெயித்துவிடவில்லை. தோற்றோம். கொஞ்சமாகத் தோற்றோம். போன மேட்ச் டிரா. அன்று சார் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்... கப் மாதிரி. அதை யாரும் போட்டோ எடுக்கவில்லை.

அடுத்த மேட்ச் வரும் சனிக்கிழமை. "இது நம்மளுது" என்று நேற்றுக்கூடச் சொன்னார். நேற்று!

மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனோம். காலேஜ் அண்ணன்கள் கார்களில் வந்திருந்தார்கள். சார் மேல் அவர்கள் டீம் ஜெர்ஸியைப் போர்த்தினார்கள். நாங்கள் யூனிஃபார்மோடு செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றோம். எங்களுக்கென்று ஜெர்ஸி கிடையாது.

ஒரு அண்ணன் வந்து கேட்டார். "நீங்க எந்த டீம்மா?"

தேவி ஸ்கூல் பேரைச் சொன்னாள்.

"ஓ... சார் கடைசியா பாத்த டீமா? ஏதாவது ஜெயிச்சீங்களா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. தேவி மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "சனிக்கிழமை இருக்குதுண்ணா."

இப்போதுதான் பி.டி. டீச்சர் போன் செய்தார். "சனிக்கிழமை மேட்சுலேர்ந்து பேரை வாபஸ் வாங்கிடலாமாம்மா? யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க." வேண்டாம் டீச்சர் என்றேன். தேவி வீட்டுக்கு அன்று பாடு இல்லை என்பதையும் சொன்னேன். டீச்சர் சரி என்றார்.

சார், நாங்கள் ஜெயித்தால் அது உங்கள் பேரில் சேருமா? யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

போயிட்டு வாங்க சார். சனிக்கிழமை லைனுக்கு வெளியே உங்கள் இடத்தில் யார் நிற்பது என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை...