சூசையின் முதுகு

என் இடுப்பு வலிக்கு மாத்திரை போதாது, உடற்பயிற்சியும் வேண்டும் என்று டொக்டர் எழுதிக் கொடுத்ததால், போன மாதத்திலிருந்து கிழமைக்கு இரண்டு நாள் ஒரு மண்டபத்துக்குப் போய்வருகிறேன். நான் இப்போது இருப்பது குளிர் நாடு. அந்த மண்டபத்தில் துடுப்பு வலிக்கிற மிசின்கள் ஏழெட்டை ஒன்றன் பின் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். தண்ணீருமில்லை, வள்ளமுமில்லை. ஒரு சறுக்குப் பலகை, ஒரு சங்கிலி, இழுத்தால் காற்றடிக்கிற ஒரு சில்லு, அவ்வளவுதான். நாலு பேர் பார்க்கக் கையைக் காலை ஆட்டுவது எனக்குக் கூச்சம். ஆகவே கடைசி மிசினில் போய் இருந்தேன்.

முன் மிசினில் ஒரு தடித்த வெள்ளைக்காரர். பெனியன் வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அவருடைய தோள்பட்டை அசைந்தது. நான் நினைக்கவேயில்லை, என் கையும் அசைந்தது. அவர் குனிய நான் குனிந்தேன், அவர் சாய நான் சாய்ந்தேன். பயிற்சி சொல்லித் தருகிற பிள்ளை நம்மவள்தான், ஆனால் இங்கேயே பிறந்தவள். ஓடிவந்து, "அங்கிள், முந்தி எங்கையோ பழகியிருக்கிறீங்கள், என்ன?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை" என்றேன்.

சங்கிலிக்கு எண்ணெய் விட்டிருந்தார்கள். தையல் மிசினுக்கு விடுகிற எண்ணெயின் அதே வாசம். அது மூக்கில் ஏறினால் எனக்கு மற்ற எல்லாம் மறந்துபோகும். யாழ்ப்பாணத்தில், குருநகர்க் கரைக்குப் போகிற வீதியில் இருந்த அந்தச் சின்னத் தையல் கடைக்குள் போய் நிற்பேன். இணுவிலில் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவன் நான். மண்வெட்டி என் கைக்குப் பிடிபடவில்லை, படிப்பும் பத்தாம் வகுப்போடு போதும் என்றுவிட்டது. எண்பத்து நாலாம் ஆண்டளவில் ஊசியும் நூலும்தான் மிஞ்சின. தினமும் சைக்கிளில் போய் வருவேன். கடைக்குள் எண்ணெய் வாசம், கடைக்கு வெளியே கருவாட்டு வாசம். நான் ஏதோ இரண்டு வாசங்களுக்கும் நடுவில் கிடந்த துணித்துண்டு மாதிரி இருந்தேன்.

ஒருநாள் நாலு பேர் ஒன்றாக வந்தார்கள். கோயில் பெருநாளுக்கு வள்ளப் போட்டி நடக்கும், அதற்கு எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பெனியன் வேண்டும் என்றார்கள். நெஞ்சளவு, முதுகளவு எடுத்தேன். சூசை என்பவனின் முதுகை அளந்தபோது நாடாவை இரண்டாம் தரமும் பிடித்துப் பார்த்தேன். தோளுக்குத் தோள் பத்தொன்பது அங்குலம். என்னுடைய வயதுதான், ஆனால் ஆள் என்னைப்போல ஒன்றரை மடங்கு.

"ஐஞ்சு பெனியன் எண்டியள், நாலு பேர்தானே நிக்கிறியள்?" என்று கேட்டேன்.

"ஐஞ்சாவது ஆள் போன கிழமை ஜேர்மனிக்குப் போட்டான்" என்றார் பேதுரு அண்ணை. அவர்தான் சுக்கான் பிடிக்கிறவர், வள்ளத்துக்குத் தலைவர்.

சூசை என் கால்களைப் பார்த்தான். "அண்ணை, உவன் நாள் முழுக்க மிசின் மிதிக்கிறான். காலிலை நல்ல பலம் இருக்கும். உவனை ஏத்துவமே?"

பகிடிக்குத்தான் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்தநாள் பின்னேரம் நான் போய்க் கரையில் நின்றேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. என்னை அதுவரை ஒருவரும் எதிலும் சேர்த்துக்கொள்ளக் கேட்டதில்லை. பகிடிக்கென்றாலும் கேட்டது அதுதான் முதல் தடவை.

துடுப்பை அங்கே சவள் என்பார்கள். சவள் வலிக்கிறவன், வள்ளம் போகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்க வேண்டும். வழியைப் பார்க்கிறவர் சுக்கான்காரர் ஒருவர்தான். அவருக்கு முன்னால் முகத்துக்கு முகம் பார்த்தபடி சூசை. சூசையின் முதுகைப் பார்த்தபடி நான். என் முதுகைப் பார்த்தபடி மற்ற இருவர், அவர்கள் அண்ணனும் தம்பியும்.

முதல் நாள் என் சவள் தண்ணீரில் படாமல் காற்றை வாரியது. நான் மல்லாக்க விழுந்து பின்னாலிருந்தவனின் மடியில் கிடந்தேன்.

"தையல்காரர் தண்ணியிலை நூல் கோக்கிறார்" என்றான் அவன்.

வள்ளம் வெளிக்கிட முதல் அவர்கள் "அருள் நிறைந்த மரியே" சொல்வார்கள். நான் வாய்க்குள் முருகா என்பேன். ஒருநாள் சூசைக்குக் கேட்டுவிட்டது. திரும்பாமலே சொன்னான்: "முருகனுக்கு மயில்தான்ரா வாகனம். தண்ணியிலை எங்கடை ஆளைக் கூப்பிடு." அதற்குப் பிறகு இரண்டு பேரையும் கூப்பிட்டேன். நீச்சல் தெரியாதவன் வேறென்ன செய்வான்?

அந்தக் காலத்தில் பரவைக்கடல் சந்தை மாதிரி. கடற்படைக்குப் பயந்து பெருங்கடலுக்குப் போகாத வள்ளங்களெல்லாம் ஆழமில்லாத இந்தப் பக்கம் வந்து குவிந்திருந்தன. பூநகரியிலிருந்து விறகு ஏற்றிய பாய்வள்ளங்கள் வரும். இறால் கூடுகள், வலை கட்டிய தடிகள், கழுத்தளவு தண்ணீரில் நின்று வலை இழுக்கிற ஆட்கள். இவற்றுக்கு நடுவில்தான் பயிற்சி. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பேதுரு அண்ணையின் சத்தம் மட்டும் வரும்: "வலக்கை விடு! இடக்கை வலி!" பக்கத்தில் எவனாவது கத்துவான்: "கண்ணைப் பிடரியிலையோடா வைச்சிருக்கிறியள்?" வலையை இழுத்துக்கொண்டு போய்விட்டோம் என்று விளங்கும்.

நான் பயந்து பயந்து திரும்பிப் பார்ப்பேன். பார்த்தால் சவள் பிசகும். ஒருநாள் பேதுரு அண்ணை வள்ளத்தை நிறுத்திப் பேசினார்.

"உனக்கு வழி என்னத்துக்கு? உன்ரை சவளையும் பார்க்காதை, தண்ணியையும் பார்க்காதை. சூசையின்ரை முதுகைப் பார். அது அசைஞ்சா நீ அசை. உலகத்திலை உனக்கு வேறை ஒண்டும் இல்லை."

அப்படியே செய்தேன். மூன்று மாதம், பின்னேரம் பின்னேரமாக, ஒரு முதுகையே பார்த்தேன். பெண்சாதியின் முகத்தைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு தழும்பு, பிறை மாதிரி வளைந்தது. சின்ன வயதில் நங்கூரத்தின் மேல் விழுந்தானாம். முள்ளந்தண்டுக்கு வலப்பக்கம் அருகருகே இரண்டு மச்சம். கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு கிடந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெளிறியிருந்தது. வியர்வை காய்ந்தால் உப்புப் பூக்கும். அவன் பெருமூச்சு விடப்போகிறான் என்பதை அவனுக்கு முதல் நான் அறிவேன்.

பெருநாள் போட்டியில் இரண்டாவதாக வந்தோம். என் பெனியன்களின் நீலச்சாயம் கழன்று ஐந்து பேருக்கும் உடம்பெல்லாம் நீலம். சூசையின் தாய் திரேசம்மா கரையில் நின்று விழுந்து விழுந்து சிரித்தா. "முதலாவதா வந்தவனை ஆரடா பாத்தது? சனமெல்லாம் உங்களைத்தான் பாத்தது!" அன்று அவ வீட்டில் சாப்பிட்டேன். மீன் சாப்பிட்டதை எங்கள் சைவ வீட்டில் சொல்லவில்லை. கை கழுவியும் மணம் போகாமல், சைக்கிள் பிடியில் வேப்பிலையைக் கசக்கித் தேய்த்துக்கொண்டு இணுவிலுக்குப் போனேன்.

அடுத்த வருடப் பெருநாளுக்கு முதல் சூசை போய்விட்டான்.

கடலுக்குப் போன வள்ளங்களில் அவன் போன வள்ளம் மட்டும் திரும்பவில்லை. வெடிச்சத்தம் கேட்டதென்று சிலர் சொன்னார்கள், காற்று என்று சிலர். ஐந்தாம் நாள் காலை பேதுரு அண்ணை கடைக்கு வந்தார். கண்டல் பற்றைக் கரையில் ஒன்று ஒதுங்கியிருக்கிறதாம். "நீயும் வா" என்றார். தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே விட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு போனேன்.

முகம் இல்லை. மீன் தின்றுவிட்டது. இதைவிட விபரமாக எழுத வேண்டாம். பேதுரு அண்ணை பார்த்தார், அப்பால் போய் நின்று வாந்தியெடுத்தார், திரும்பி வந்தார். அவருக்குத் தெரிந்தது சூசையின் முகம்தான்.

"நீதானே அவனுக்குப் பின்னாலை இருந்தனீ" என்றார். "பாத்துச் சொல்லு."

அந்த ஊர்க்காரர் இருவர் தடியால் புரட்டினார்கள். பிறை இருந்தது. இரண்டு மச்சமும் இருந்தன. உங்களுக்கு நான் மறைக்கப்போவதில்லை, எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். திரேசம்மா வந்துவிட்டா. யாரோ சைக்கிளில் ஏற்றி வந்திருக்கிறார்கள். பற்றைக்கு அந்தப் பக்கம், மடித்த வெள்ளைத் துப்பட்டி ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றா. கிட்ட வரவில்லை.

"தம்பி, அவனில்லைத்தானே?"

என்னால் அந்தத் துப்பட்டியைப் பார்க்க முடியவில்லை. "இல்லையம்மா" என்றேன். "இது வேறை ஆரோ."

அவ குருசு போட்டுக்கொண்டு அழுதா. சந்தோசத்தில் அழுதா. பேதுரு அண்ணை என்னையே பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். இனந்தெரியாத ஆண் என்று எழுதி, அந்தக் கரையிலேயே மணலில் தாட்டார்கள். பூசையுமில்லை, பெட்டியுமில்லை. என் கழுத்திலிருந்த நாடாவைக் கண்டு ஒருவர், "குழி அளக்க வந்தனியோ தம்பி?" என்று கேட்டார்.

நாளைக்குச் சொல்லுவோம், பெருநாள் முடியச் சொல்லுவோம் என்று பத்து வருடம் போனது. நவம்பரில், இறந்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்களின் நாளில், சேமக்காலை முழுக்கக் கல்லறைக்குக் கல்லறை மெழுகுதிரி எரியும். திரேசம்மா அந்தப் பக்கமே போகமாட்டா. கொளுத்தச் சொன்ன பெண்களைப் பேசித் துரத்துவா. வீட்டுப் படலை பூட்டியதில்லை. செல் குண்டுகள் விழுந்த நாட்களில் ஊர் ஓடும், அவ பொழுதுபட முதல் திரும்பி வந்துவிடுவா. வர வர நான் போவதைக் குறைத்துக்கொண்டேன். என்னைக் கண்டால், "நீ பாத்துச் சொன்னபடியாத்தான் நான் உயிரோடை இருக்கிறன்" என்பா. பேதுரு அண்ணை குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். உண்மை என்னிடம் மட்டும் மிஞ்சியது.

பிறகு தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசி. ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணம் முழுக்க மழைக்குள் வெளிக்கிட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நான் என் அம்மாவையும் தம்பியையும் முன்னால் போகவிட்டு, மறுநாள் காலை சைக்கிளைத் திருப்பிக் கரைக்குப் போனேன். வீதியில் ஒரு சனமில்லை. அவிழ்த்துவிட்ட மாடுகள் மட்டும் நின்றன. திரேசம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா.

"நான் வரேல்லைத் தம்பி. வீட்டைப் பூட்டிக்கொண்டு போனா அவன் எங்கை வாறது?"

உண்மையைச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவதென்றுதான் வந்தேன். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். தூரத்தில் செல் ஒன்று விழுந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"அம்மா, சூசையைச் சாவகச்சேரியிலை கண்டவையாம்."

விளக்குமாறு கையிலிருந்து விழுந்தது. "ஆர் கண்டது?"

"எங்கடை இணுவில் ஆள் ஒருத்தர்."

"எப்பிடி இருக்கிறானாம்?"

"மெலிஞ்சு போனானாம்."

"மெலிஞ்சுதான் இருப்பான்" என்றா. "ஆர் அவனுக்குச் சமைச்சுக் குடுக்கிறது?"

ஒரு பையில் அவனுடைய சாரம் ஒன்றையும் சட்டை ஒன்றையும் வைத்துக்கொண்டு, படலையைச் சாத்தாமலே சைக்கிளில் ஏறினா. நாவற்குழிப் பாலத்தில் சனம் நெரிந்து, ஓரடி நகரப் பத்து நிமிடம் ஆனது. அவ களைக்கவில்லை. எதிர்ப்பட்ட ஒவ்வொரு ஆணின் முகத்தையும் பார்த்துக்கொண்டு வந்தா. நான் பின்னால் நடந்து சைக்கிளைத் தள்ளினேன்.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சனத்தோடு சனமாக, ஒரு வகுப்பறை வாசலில் அவவை இருத்தினேன். யாரோ தேத்தண்ணி கொடுத்தார்கள். குடிக்காமல் மூடி வைத்தா.

"நீ போய்ப் பாத்துக்கொண்டு வா. நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டன். நான் இடம் மாறினா அவன் அலைவான்."

"வாறனம்மா" என்றேன்.

கொடிகாமத்தில் என் அம்மாவையும் தம்பியையும் கண்டுபிடித்தேன், அம்மாவுக்கு மூச்சிழுப்பு. ஒரு நாள் போனது. நாளைக்குப் போவோம் என்றேன். போனால் என்ன சொல்வது? இன்னொருவர் கண்டதாகச் சொல்லலாமா? இறந்துவிட்டான் என்று சொன்னால், எப்போது, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாவே? கிழமை ஒன்றானது. பிறகு கிளாலியில் வள்ளமேறி வன்னிக்குப் போனோம். நான் திரும்பிப் போகவேயில்லை. கொடிகாமத்திலிருந்து சைக்கிளில் அரைமணித்தியாலத் தூரம் அது.

சண்டை முடிந்து பல வருடத்துக்குப் பிறகு ஒரு தடவை போனேன். கரையில் எல்லாம் பிளாஸ்டிக் வள்ளம், எல்லாவற்றிலும் எஞ்சின். திரேசம்மாவின் வளவில் வேறு யாருடையதோ மாடிவீடு, இரும்புக் கதவு. கண்டல் பற்றைகளை வெட்டி வீதி போட்டிருந்தார்கள். சூசை எந்த இடத்தில் கிடக்கிறான் என்று தெரிந்த ஒரே ஆள் நான். எனக்கும் இப்போது தெரியாது.

சாவகச்சேரிக்கும் போனேன். பள்ளிக்கூடம் சண்டையில் இடிந்து, புதிதாகக் கட்டி, மஞ்சள் பூசியிருந்தது. அந்த வகுப்பறை இருந்த இடத்தில் பிள்ளைகள் வலைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவ எத்தனை நாள் அந்த வாசலில் இருந்தா, யார் சொல்லி எழும்பினா, எந்தப் பக்கம் போனா என்று கேட்க, அங்கே என்னைவிட வயது கூடிய ஒருவரும் இல்லை.