மெஷின் நின்ற ஞாயிறு

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வெறுங்கையோடு பூனாவுக்கு வந்து, அங்கே கட்கியில் சொந்தமாக, இரும்பு கடையும் லேத் பட்டறை போட்டவன். பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று யாரிடமும் மார்தட்டிச் சொல்வேன்.

போன வருஷம் எங்கள் சபையின் தமிழ் ஆராதனையை நிறுத்தச் சொல்லி மிரட்டல் வந்தது. வாடகைக்கு விட்ட ஹால்காரர் பயந்துபோய்க் கதவைப் பூட்டிவிட்டார். "என் பட்டறைக்கு வாங்க, எவன் வர்றான்னு பாத்துருவோம்" என்றேன். ஆனாலும் பாட்டு வெளியே கேட்டுவிடக் கூடாது என்று ஷட்டரை இறக்கி, லேத்தை ஓடவிட்டுத்தான் பாடினோம்.

ஒரு ஞாயிறு பாதிப் பாட்டில் கரண்ட் போய் மெஷின் நின்றது. சட்டென்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டோம். வாசலில் பைக்குகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

என் மனைவி மட்டும் பாடிக்கொண்டே இருந்தாள். என்னோடு பட்டறையில் உழைத்தே காது மந்தமானவள். கண்ணை மூடி, மெஷினை மிஞ்சுகிற குரலில், சுருதியே சேராமல் பாடினாள்.

"ஐயா, அம்மாவ நிறுத்தச் சொல்லுங்க" என்று போதகர் கெஞ்சினார்.

அவள் வாயைப் பொத்தக் கை நீட்டினேன். அவள் கன்னமெல்லாம் கண்ணீர். வெளியே யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். அதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

நீட்டிய கையை எடுத்துக்கொண்டு, அவளோடு நானும் பாடினேன். ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். பாட்டு முடிந்தபோது பைக்குகள் போயிருந்தன. வந்தது யார், ஏன் போனார்கள் என்று இன்றுவரை தெரியாது.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஏங்க, கரண்டு எப்பம் போச்சு?"

இப்போதும் பயந்துகொண்டேதான் கூடுகிறோம். லேத்தை மட்டும் நான் ஓடவிடுவதில்லை.