விசிலக்கா வீட்டைக் காலி செய்த கதை

பேருந்தில் நடத்துநர் வேலை பார்த்ததால் அவளுக்கு விசிலக்கா என்று பெயர் ஒட்டிக்கொண்டது. படியில் தொங்குகிறவர்கள் உள்ளே வரும்வரை விசில் ஊதமாட்டாள். ஓட்டுநர் கத்தினாலும் சரி, பயணிகள் முணுமுணுத்தாலும் சரி, காதிலேயே போட்டுக்கொள்ளமாட்டாள். அப்பேர்ப்பட்டவளை வீட்டில் ஒன்று பல வருஷமாகப் படுத்தி எடுத்துக்கொண்டிருந்தது. ஈரம்.

தரைத்தளத்து வீடு. மழைக்காலம் பிறந்தால் பின்சுவர் வியர்க்கத் தொடங்கும். உப்பு தண்ணீராய் நிற்கும். செருப்பில் பச்சை பூக்கும். மர அலமாரியின் கதவு உப்பிப்போய், தோளால் முட்டினால்தான் திறக்கும். அவளும் சளைக்காமல் துடைப்பாள். அலமாரிக்குள் அடுப்புக்கரி வைப்பாள், ரசகற்பூரம் போடுவாள். மறுவாரம் அதே வாடை. பேக்கரியில் அடுப்படி வேலை பார்த்த கணவன் சிரிப்பான்: "இந்த வீட்ல வேர்வை சிந்தி உழைக்கறது சுவர் ஒண்ணுதான்."

ஒருநாள் காலை, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு தடிப்புத்தகத்தை உருவினாள். ஒட்டியிருந்த பக்கங்களைப் பிரித்ததும் சாம்பல் நிறத்தில் தூசி கிளம்பியது. இருமல் இழுப்பாக மாறி, பேச முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"மருந்து நான் தரேன்," என்றார் டாக்டரம்மா. "ஆனா தினமும் அந்தப் பூஞ்சைக்குப் பக்கத்துலயே படுத்துத் தூங்கினா, மருந்து எத்தனை நாளைக்குத் தாங்கும்?"

விசிலக்கா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் போகும் வழித்தடத்தில், ஷட்டர் போட்ட அறைகள் வரிசையாக இருந்த ஒரு நீளக் கட்டடம் உண்டு. வீட்டுச் சாமான்களை வைத்துக்கொள்ள அறை வாடகைக்கு விடுகிற இடம். மறுநாள் வேலை முடிந்ததும் நேரே அங்கே போய் இறங்கினாள். பொறுப்பிலிருந்த பெண் ஒரு அறையைத் திறந்து காட்டினாள். உள்ளே காற்று மொறமொறவென்று காய்ந்திருந்தது.

"காத்துல இருக்கற ஈரத்தை மெஷின் இழுத்துடும். பூட்டும் உங்களது, சாவியும் உங்களது," என்றாள் அந்தப் பெண். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்க்கா. ஈரத்தோட கொண்டு வந்து பூட்டாதீங்க. நல்லாக் காயவெச்சுட்டுக் கொண்டு வாங்க."

வீட்டில் சொன்னதும் கணவன் துள்ளினான். "நாம குடியிருக்க ஒரு வாடகை, நாற்காலி குடியிருக்க ஒரு வாடகையா? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க!"

"நாற்காலிக்கு இல்லீங்க. அவ மூச்சுக்கு."

மறுநாள் சாயங்காலம் அவனே பேச்செடுத்தான். "மழையில எங்க போய்க் காயவைப்பே? எங்க பேக்கரி அடுப்புக்கு நேர்மேல ஒரு காலி ரூம் இருக்கு. எப்பவும் கதகதன்னு இருக்கும். முதலாளிகிட்ட கேட்டுட்டேன்."

அலமாரியைக் கழற்றி, பலகை பலகையாகத் துடைத்து அங்கே சாய்த்து வைத்தார்கள். பிழைத்த புத்தகங்களை விரித்து நிறுத்தினார்கள். தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டாள். பஞ்சு மெத்தையைப் புரட்டினால் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளி. மகள் பிறப்பதற்கு முன்னால் ஆசை ஆசையாகத் தைத்து வாங்கியது. கொஞ்ச நேரம் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளே மடக்கிக் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினாள். காய்ந்த சாமான்கள் ஒவ்வொன்றாகக் கிடங்கு அறைக்குப் போய்ச் சேர்ந்தன.

வீட்டிலிருந்து சாமான்கள் வண்டியேறுவதைப் பார்த்த தெரு சும்மா இருக்குமா? புருஷன் பெண்டாட்டிக்குள் பிரிவினை என்றது ஒரு வாய். சொல்லாமல் கொள்ளாமல் ஓடப்போகிறார்கள் என்றது இன்னொன்று. வீட்டுச் சொந்தக்காரர் குடையைக்கூட ஒழுங்காக விரிக்காமல் ஓடிவந்தார்.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லாம காலி பண்றீங்களே!"

"சாமானைத்தான் காலி பண்றேன், வீட்டை இல்லை. வந்ததுதான் வந்தீங்க, இதையும் பாருங்க."

அலமாரி இருந்த இடத்தில் சுவர் அம்மணமாக நின்றது. ஜன்னல் மூலையிலிருந்து விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு இறங்கியிருந்தது. அதைச் சுற்றிலும் காரை ஊறிப் பொருமிக் கிடந்தது. ஒவ்வொரு வருஷமும் 'மழைன்னா அப்படித்தான்' என்று சொல்லி அனுப்பிய மனிதர் வெடிப்பில் விரலை விட்டுப் பார்த்தார்.

"வெயில் வரட்டும், பார்த்துக்கலாம்."

"வெயில் வந்தா நீங்க மறந்துடுவீங்க." அவள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். "மேஸ்திரிக்கு இப்பவே போன் போடுங்க. போட்டதும் எழுந்து வழிவிடறேன்."

வீட்டுக்காரர் அவளைப் பார்த்தார். மகள் வேறு அந்த நேரம் பார்த்து இருமினாள். அவர் போனை எடுத்தார்.

மேஸ்திரி வந்து, தார்ப்பாய் கட்டிக்கொண்டு வெளிவெடிப்பை அடைத்தார். உள்காரையைக் கொத்திவிட்டு, சுவர் காயாமல் பூசமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆக, மிச்ச மழைக்காலம் முழுக்க வெறும் வீட்டில்தான் குடித்தனம். அறை நடுவே மடக்குக் கட்டில்கள், மூடிபோட்ட தகரப்பெட்டியில் நாலு துணி, சமைக்கத் தேவையான பாத்திரம், அவ்வளவே. தும்மினால் எதிரொலித்தது. "கல்யாண மண்டபத்துல குடிவந்த மாதிரி இருக்கு," என்று கணவன் அலுத்துக்கொண்டாலும், பெருக்குகிற வேலையை அவனே எடுத்துக்கொண்டான்.

விடுமுறை கிடைத்தபோது அவள் கிடங்குக்குப் போனாள். சாவியைத் திருப்பினாள். பட்ட பாடெல்லாம் வீணாய்ப் போயிருந்தால்? அலமாரியை அங்கே மறுபடி பொருத்தி, சுவரில் ஒட்டாமல் தள்ளி நிறுத்தி, கதவை ஒருக்களித்து வைத்திருந்தாள். தலையை உள்ளே நீட்டி மூச்சை இழுத்தாள். வெறும் மர வாசம். கதவைச் சாத்திப் பார்த்தாள்; விரலால் தள்ளியதும் மூடிக்கொண்டது. அந்தக் குறுகிய அறையில் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெயில் வந்து, சுவர் பூசி முடிந்தபின் சாமான்கள் திரும்பின. அலமாரியை இப்போது சுவரோடு ஒட்டவிடுவதில்லை. மகளின் இழுப்பு அடியோடு போய்விடவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற அளவுக்கு அதற்குப் பிறகு அந்த வருஷம் வரவில்லை. தரைத்தளம் தரைத்தளம்தான் என்பது விசிலக்காவுக்குத் தெரியும். அடுத்த மழைக்காலம் நெருங்கியதும், யார் யோசனையும் கேட்காமல் கிடங்கில் சிறியதாக ஓர் அறை பிடித்தாள். வானம் கறுப்பதற்கு முன்பே புத்தகப் பெட்டிகளைக் கட்டி முடித்தது மகள்தான்.