அறுபத்தைந்து சதவீதத் தள்ளுபடியில் ஒரு வண்டி வீடு

பட்டாசுப் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கிற விலையை எங்கள் வீட்டில் யாரும் விலை என்று நினைத்ததில்லை. ஆயிரம் என்று போட்டிருந்தால் வாங்க வருகிறவர் இருநூறு கொடுப்பார். மீதி எண்பது சதவீதம் தள்ளுபடி. விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும், பெட்டியை அச்சடித்த பிரஸ்காரருக்கும் தெரியும். ஆனாலும் அந்த எண்பதை வாயால் ஒரு தடவை சொல்லாவிட்டால் சரக்கு நகராது.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருக்கிற எங்கள் பட்டாசுக் கம்பெனியை என் வீட்டுக்காரர் நாற்பது வருஷம் இப்படித்தான் நடத்தினார். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். கம்பெனியை விட்டு வந்தவர் தள்ளுபடியை விட்டு வரவில்லை. சேலைக் கடையானாலும் பல் டாக்டரானாலும், "எத்தன பெர்சன்ட் போடுவீக?" என்றுதான் ஆரம்பிப்பார். விலையை அப்புறம் கேட்பார்.

நான் வெளியூர் போகாதவள். காரணத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. பஸ் ஸ்டாண்டிலோ ஹோட்டலிலோ அடுத்தவர் வீட்டிலோ என்னால் கக்கூஸ் போக முடியாது. கதவுக்கு வெளியே யாராவது செருமினால் போதும், உடம்பு இறுகிவிடும். மதுரையில் ஒரு கல்யாணம் என்றால் முதல் நாள் மத்தியானமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன். மதுரையோடு என் உலகம் முடிந்தது.

என் தங்கை ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். போன வருஷம் இடுப்பு முறிந்து படுத்தவள், இனி எழுந்து ஊருக்கு வரப்போவதில்லை. வீடியோ காலில் பேசும்போது அவள் நெற்றி மட்டும்தான் எனக்குத் தெரியும். ஒரு நாள், "நீ வர மாட்டக்கா, எனக்குத் தெரியும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

தீபாவளி முடிந்து கம்பெனி ஓய்ந்த சமயத்தில் இவர் போனில் ஒரு படம் காட்டினார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற வண்டி வீடு. கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே.

"இத வாங்கிருவோம். இனி நீ எங்கன போனாலும் சொந்தக் கக்கூஸோட போகலாம்" என்றார்.

மருமகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெட்கத்தில் அடுப்படிக்கு ஓடிவிட்டேன். ஆனால் ஓடும்போதே மனசு ஓசூருக்குப் போய்விட்டது.

முதலில் மதுரையில் இந்த வண்டி விற்கிற ஒரு இடத்துக்குப் போனோம். வண்டி வெள்ளையாக, ஒரு பூ ஸ்டிக்கர்கூட இல்லாமல் நின்றது. நான் உள்ளே ஏறி அந்தச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நல்ல கனமான கதவு. தாழ்ப்பாள் நறுக்கென்று விழுந்தது. வெளியே இவர் பேசுகிற பேச்சு ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அது எனக்குப் புது அனுபவம். இரண்டு நிமிஷம் சும்மா உள்ளேயே நின்றேன்.

வெளியே வந்தபோது இவர் முகம் சுருங்கியிருந்தது.

"எத்தன பெர்சன்ட்னு கேட்டேன். தள்ளுபடியே கெடையாதாம்."

"விலை எவ்வளவுன்னு கேட்டீகளா?"

"தள்ளுபடி இல்லாத பொருளுக்கு விலையக் கேட்டு என்ன செய்ய? பத்து பைசா கொறைக்க மாட்டேங்கான். அப்ப உள்ள ஏதோ கோளாறு இருக்கு."

விற்கிற தம்பி என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார். விலையும் போன் நம்பரும் அதில் இருந்தன. மணிபர்சில் வைத்துக்கொண்டேன்.

அடுத்து சாத்தூர் ரோட்டில் ஒரு ஷெட். அங்கே வண்டியின் மேல் மலை, அருவி, மான், சூரியன் எல்லாம் இருந்தன. பக்கவாட்டில் என் உயரத்துக்கு அறுபது சதவீதம் என்று எழுதியிருந்தது. இவர் வண்டிக்கு அடியில் குனியவில்லை, சக்கரத்தைத் தட்டவில்லை. மானின் மேல் விரலால் தடவிப் பார்த்தார்.

"நம்மூர் பிரிண்டிங். லேமினேஷன் அருமையா வந்திருக்கு" என்றார்.

"வாங்க அண்ணாச்சி! உங்களுக்கு அறுபது பெர்சன்ட், குடை ஒண்ணு, மடக்கு நாற்காலி நாலு, குக்கர் ஒண்ணு" என்றார் கடைக்காரர்.

"குக்கர் எத்தன லிட்டர்?"

அந்த விசாரணை நடக்கும்போது நான் உள்ளே போனேன். கதவு ப்ளைவுட். சாத்தினால் நாலு விரல் இடைவெளி. கொக்கியை இழுத்து மாட்டினேன். இவர் வண்டிப் படியில் ஒரு கால் வைத்தார், தரை ஆடியது, கொக்கி கழன்று கதவு தானாகத் திறந்தது. இவர், கடைக்காரர், டீ கொண்டுவந்தவர், மூன்று பேரும் எதிரே நிற்கிறார்கள். நான் புடவையெல்லாம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு சும்மாதான் நின்றேன். அப்படியும் வியர்த்துவிட்டது.

"என்ன, பிடிச்சிருக்கா?" என்றார் இவர். மூன்று ஆண்கள் முன்னால் அந்தக் கதவைப் பற்றி எப்படிப் பேசுவது? தலையை எப்படியோ ஆட்டினேன். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் என்று பேசி முடித்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "கொக்கிதான? ஒரு கயித்தப் போட்டு இழுத்துப் பிடிச்சுக்கோ" என்றார். ஓசூர் வரைக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்.

வியாழக்கிழமை இவர் தூங்கிய மத்தியானம், அந்தச் சீட்டை எடுத்து மதுரைக்குப் போன் செய்தேன். முன்பின் தெரியாத ஆளிடம் நானாகப் போனில் பேசியது அதுதான் முதல் தடவை. இரண்டு தடவை அவர் 'ஹலோ' என்றதும் வைத்துவிட்டேன். மூன்றாம் தடவை பேசினேன்.

"தம்பி, அந்த வண்டிக்கு வேற விலை எழுதி மாட்டுங்க. அதுல அறுபத்தஞ்சு பெர்சன்ட் தள்ளி, இப்ப இருக்க விலைக்கே எங்க வீட்டுக்காரருக்குக் குடுங்க."

"அப்படின்னா கிட்டத்தட்ட மூணு மடங்கு எழுதணுமேம்மா. பொய் விலை எழுதச் சொல்றீங்களா?"

"பொய் இல்ல தம்பி. எங்க ஊர்ல அதுக்கு விலைப்பட்டியல்னு பேரு."

"நான் பத்து வருஷமா ஒரே விலைக்கு வித்துட்டிருக்கேம்மா" என்றார் பாவமாக.

"அதான் உங்க கடையில கூட்டமே இல்ல" என்றேன். நானா பேசினேன் என்று இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

சாயங்காலம் நான் கொடுத்திருந்த நம்பருக்கு, மதுரைத் தம்பியிடமிருந்து இவருக்குப் போன் வந்தது. "அறுபத்தஞ்சா?" என்று எழுந்து உட்கார்ந்தார். எழுதிய விலையைக் கேட்டதும் கண் விரிந்தது. "பாத்தியா! மூல விலையே எம்புட்டுன்னு பாரு. சரக்கு ஒசத்தி, அதான் விலையும் ஒசத்தி. சாத்தூர்க்காரன்ட்ட வாங்கினா மிச்சம் கொஞ்சம். இங்கன மிச்சமாகிறதே ஒரு கார் விலை வருது."

சாத்தூரைவிட அதிகமாகக் கொடுத்தோம் என்பது இன்றுவரை அவர் கணக்கில் வரவில்லை. குக்கர் கிடைக்காத வருத்தம் மட்டும் இருந்தது. மதுரைத் தம்பிக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

பத்தே நாளில் கிளம்பினோம். வழியில் நாலு இடத்தில் நிறுத்தச் சொன்னேன். தாழ்ப்பாள் நாலு தடவையும் நறுக்கென்று விழுந்தது.

ஓசூரில் தங்கை படுத்திருந்த கட்டிலில் உட்கார்ந்தேன். போனில் நெற்றியாக மட்டும் தெரிந்தவளின் முகம் முழுசாக இருந்தது, மெலிந்திருந்தது. என் கையைப் பிடித்தவள் விடவில்லை. பேச்சையெல்லாம் இவரே பேசினார். வண்டி, எழுதிய விலை, அறுபத்தைந்து சதவீதம்.

தங்கையும் எங்கள் ஊர்ப் பட்டாசு வீட்டில் பிறந்தவள்தான்.

"அறுபத்தஞ்சா தள்ளுனான்?" என்றாள் அவரிடம். "அப்ப மொதல்ல எம்புட்டு ஏத்திருப்பான் மச்சான்!"

இவர் என்னைப் பார்த்தார். நான் தங்கையின் தலையணையைச் சரிசெய்ய ஆரம்பித்தேன்.