ஈரம் கழித்து எடைபோட்ட பூனை

ஒரு விடுகதை சொல்கிறேன், விடை தேடுங்கள். ஒரே குழாய், ஒரே சொட்டு. நாலு கால்காரன் ஒருவனுக்கு அது மருந்து. அவனோடு ஒரே சாக்கில் சுருண்டு படுக்கும் நாலு கால்காரிக்கு அது விஷம். அது என்ன?

குலசேகரத்தில் கால்நடை மருந்துக் கடை வைத்திருக்கும் எனக்கு இந்த விடுகதை ஒரு தொழில் கருவி. நாய்க்கு மருந்து கேட்டு வருபவரிடம் "வீட்டில் பூனை உண்டா?" என்று கேட்டால், அவசரத்தில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். விடுகதை போட்டால் கொஞ்சம் நிற்பார். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கும் எல்லோருக்கும் இந்தக் கஷ்டம் தெரியும்: வருகிறவர் யோசனை கேட்க வருவதில்லை, முடிவோடு வருகிறார்.

ஆப்பக் கணக்கு

போன மழைக்காலத்தில் சகாயமேரி தன் மகள் ஜெஸ்லினோடு கடைக்கு வந்தார். ஜெஸ்லினுக்கு எட்டு வயது. அவள் தூக்கி வந்த கூடையில் ராணி என்றொரு பூனைக்குட்டி. மூடியைத் திறந்தபோது அது யாரையும் பார்க்கவில்லை. சொறிவதிலேயே கவனமாக இருந்தது. வீட்டில் டைகர் என்று ஒரு நாயும் உண்டு. இரண்டும் ஒரே சாக்கில் படுப்பதால் செள்ளும் இரண்டுக்கும் பொது. தெள்ளுப்பூச்சிக்கு எங்கள் பக்கத்துப் பெயர் செள்ளு. இப்போது அது தொட்டிலில் கிடக்கும் கைக்குழந்தையையும் கடிக்கத் தொடங்கியிருந்தது. வருகிற ஞாயிறு குழந்தைக்கு ஞானஸ்நானம். அதற்குள் செள்ளு ஒழியாவிட்டால் ராணியைச் சந்தையில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று அம்மா தீர்ப்புச் சொல்லியிருந்தார். டைகருக்கு அந்தத் தீர்ப்பு இல்லை. அது வீட்டைக் காக்கிறதாம்.

கேட்டது நாய் மருந்து ஒரு குழாய். பாதி நாய்க்கு, பாதி பூனைக்கு. நான் விடுகதையைப் போட்டேன். ஜெஸ்லின் கூடையையும் அலமாரியில் இருந்த குழாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சரியான விடையைச் சொன்னாள். சில நாய் மருந்துகளில் பெர்மெத்ரின் என்று ஒரு பொருள் இருக்கிறது. நாயின் உடம்பு அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் உடம்பால் முடியாது. நடுக்கம் வரும், வலிப்பு வரும், உயிரும் போகலாம். அதனால் பூனையை டாக்டரிடம் காட்டிவிட்டு, அதற்கென்றே உள்ள மருந்தைத்தான் வாங்க வேண்டும் என்றேன். சகாயமேரி முழுவதும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"அண்ணா, ஒரு ஆப்பத்த ரெண்டா பிச்சா ரெண்டு துண்டும் ஆப்பம்தானே. இதில மட்டும் ஒரு துண்டு எப்படி விஷமாகும்?"

மிச்சம் இருந்த மாட்டு மருந்து

அப்போது பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பூதப்பாண்டியில் விவசாயம், மகள் வீட்டுக்கு வந்தவர். மாட்டுக்கு உண்ணி மருந்து அடித்த மிச்சம் அரைப் புட்டி இருக்கிறது, காசு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சகாயமேரியிடம் தாராளமாகச் சொன்னார். மகள் வீட்டுப் பூனைக்கும் அன்று மாலை அதைத்தான் பூசுவதாக இருந்தாராம். அவ்வளவு பெரிய மாட்டையே ஒன்றும் செய்யாத மருந்து இத்தனூண்டு பூனையை என்ன செய்துவிடும் என்பது அவர் வாதம். பூனை தன் உடம்பை நாள் முழுக்க நக்கும், பூசியதெல்லாம் வயிற்றுக்குள் போகும், அதன் ஈரலால் அதைத் தாங்க முடியாது என்று விளக்கினேன். வேப்பெண்ணெய், கற்பூரம் என்று அவர் அடுத்தடுத்துச் சொன்னவற்றுக்கும் அதே பதில்தான். கடைசியில், பல் நெருக்கமான சீப்புகள் சிலவற்றை எடுத்து வைத்தேன். தினமும் வாரி, சிக்குகிற செள்ளைச் சோப்புத் தண்ணீரில் முக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஜெஸ்லின் உடனே ஒன்றை எடுத்துக்கொண்டாள். பெரியவர் இன்னொன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். உள்ளே ஒரு முடி இல்லை.

"நான் சீப்பு வாங்குகத நிப்பாட்டி எவ்வளவோ காலமாச்சு. இப்பம் இதோட போனா, எனக்க வீட்டுக்காரி பூனைக்குன்னு நம்புவாளா?"

ஈரக் கழிவு

டாக்டர் ராணியைப் பார்த்துவிட்டு, கழுத்தில் விடும் பூனை மருந்து ஒன்றை எழுதினார். ஒரு கிலோவுக்குக் குறைந்த குட்டிக்கு அது ஆகாது. மருத்துவமனைத் தராசு பழுதாகிக் கிடந்ததால், வீட்டில் எடை பார்த்துக் கடையில் சொல்லி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஜெஸ்லினின் அப்பா ததேயு ரப்பர் ஷீட் வாங்கி விற்பவர். அவர் வீட்டில் தராசுக்குப் பஞ்சமில்லை.

மாலையில் ததேயு ஃபோன் செய்தார். தொள்ளாயிரம் கிராம். அப்படியானால் மருந்து தர முடியாது என்றேன். மறுமுனையில் ஜெஸ்லின் அழுவது கேட்டது. ஞாயிறும் சந்தையும் அவள் கண்முன் வந்திருக்கும். எனக்கும் ஒரு சந்தேகம். கூடையில் பார்த்த குட்டி அவ்வளவு சிறியதாக இல்லை. எப்படி நிறுத்தீர்கள் என்று கேட்டேன். சாக்கோடு தராசில் வைத்தாராம், சாக்கின் எடையைக் கழித்தாராம். சரிதானே. அப்புறம்? ததேயு பெருமையாகச் சொன்னார்:

"வெளிய மழையில்லா? நனைஞ்ச பூனையாக்கும். ஷீட்டுக்குக் கழிக்குத மாதிரி, ஈரத்துக்கும் சேத்துக் கழிச்சுத்தான் சொல்லுதேன்."

சாளை

துவட்டி உலர்த்தி மறுபடி நிறுத்தபோது ராணி ஒரு கிலோ இருநூறு. சகாயமேரி வந்து மருந்தை வாங்கினார். டைகருக்கு டாக்டர் எழுதிய மாத்திரையையும் கொடுத்தேன். நாய் விழுங்கிவிட்டால் போதும், பக்கத்தில் படுக்கும் பூனைக்குக் கேடில்லை. சாக்கையும் துணிகளையும் வெந்நீரில் துவைக்கச் சொன்னேன். பூனைக் குழாயைக் கழுத்தின் பின்புறம், நாக்கு எட்டாத இடத்தில், முடியை விலக்கித் தோலில் விட வேண்டும் என்று சொன்னேன். இரண்டு முறை சொன்னேன்.

மறுநாள் அவர் முகம் வாடி வந்தார். முன்பு ஒருமுறை ராணிக்குப் பூச்சி மாத்திரையைச் சாளை மீனுக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறார். அது லட்சணமாகத் தின்றிருக்கிறது. மருந்து எங்கே பட்டாலும் உள்ளேதானே போக வேண்டும் என்று இந்தக் குழாயையும் ஒரு சாளையில் பிழிந்துவிட்டார். ராணி மோந்து பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. டைகர் எட்டிப் பார்ப்பதற்குள் ஜெஸ்லின் மீனை எடுத்து ஆழமாகக் குழிதோண்டிப் புதைத்துவிட்டாள். எனக்கு மூச்சு திரும்பி வந்தது. சகாயமேரிக்கு வேறு கவலை.

"எனக்க பூனை சாளைய வேண்டாம்னு போனத இன்னைக்குத்தான் பாக்குதேன். உங்க மருந்து கெட்டுப் போச்சோ அண்ணா?"

கோயிலா, பூனையா

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்: ராணி இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறது, குழந்தையின் காலில் புதுத் தடிப்பு இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அது நிச்சயமாகத் தெரியவில்லை. இரண்டாவது குழாயை ஜெஸ்லினே, நான் என் கழுத்தில் தொட்டுக் காட்டிய இடத்தில், ராணிக்கு விட்டாள். அது உலரும்வரை யாரும் தொடக்கூடாது, யாரும் நக்கக்கூடாது. அப்போதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது: டைகர் தினமும் காலையில் ராணியை நக்கிக் குளிப்பாட்டும், அதுவும் கழுத்திலிருந்து தொடங்கி.

டைகர் கயிற்றைக் கடித்துவிடும். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் அடைத்தால் கதவைப் பிறாண்டித் திறந்துவிடும். வீட்டில் எல்லோரும் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ததேயு எனக்கு ஃபோனில் யோசனை கேட்டுக்கொண்டிருக்கும்போதே, பின்னால் சகாயமேரி மகளிடம் கணக்கை முடித்தார். பழைய கவுனில் வீட்டில் இருந்து பூனைக்குக் காவல் கிடக்கலாம்; அல்லது புதுக் கவுன் போட்டு, தம்பியின் ஞானஸ்நானத்துக்கு வரலாம்.

"ஏட்டி, ஒண்ணுங்கி கோயிலு, இல்லங்கி பூனை. பெட்டுன்னு சொல்லு, ஞானஸ்நானம் குடுக்க அச்சன் காத்துக்கிட்டு நிப்பாரு."

இத்தனை வருடத் தொழிலில் நான் தெரிந்துகொண்டது, பூனைக்குப் பத்திரமான மருந்தைக் கண்டுபிடிப்பது எளிது, அது உலரும்வரை குடும்பத்தை எங்கே வைப்பது என்பதுதான் பாடு. ஜெஸ்லின் புதுக் கவுனைப் போட்டுக்கொண்டு, டைகரைக் கோயிலுக்குக் கூட்டி வந்தாள்.