லேபிளில் மட்டும் நின்ற கோபுரம்

"இந்த வீட்டைப் பத்தி என் வாயிலேருந்து ஒரு பொய் வந்ததில்ல, வரவும் வராது. வந்தா இந்தக் கோபுரம் அப்பவே என் தலையில விழட்டும்!"

அன்செல்ம் துப்ரோக்கா இப்படிச் சூளுரைத்தது திராட்சை அறுவடை விருந்தில், பன்னிரண்டு பேர் முன்னிலையில். அதில் ஐந்து பேர் நிதானத்தில் இருந்தார்கள். பிரான்சின் மெதோக் பக்கத்தில் அந்த விருந்துக்கு அது பெரிய எண்ணிக்கைதான்.

அன்செல்ம் அந்த ஒயின் தோட்ட மாளிகையின் காவல்காரர். வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதும் அவரே. 1868இல் ஒயின் வியாபாரி ஒருவர் கட்டத் தொடங்கிய வீடு. முகப்பு முழுக்க வெட்டுக்கல், இருபுறமும் வளைந்து ஏறும் படிகள். பின்பக்கம் வெறும் பூச்சு. கூலிக்காரர்கள் பார்க்கிற பக்கத்துக்கு எதற்கு அழகு? கோபுரம் இரண்டு என்று திட்டம். ஒன்று எழும்பியதும் திராட்சைக் கொடியின் வேரில் பூச்சி விழுந்தது, வியாபாரியும் விழுந்தார். அதற்குள் லேபிள் அச்சாகிவிட்டது, இரண்டு கோபுரங்களோடு. அன்று முதல் பாட்டிலில் இரண்டு, தோட்டத்தில் ஒன்று.

சுற்றிக் காட்டி முடித்ததும் அன்செல்ம் பாட்டிலைத் தூக்கிப் பிடிப்பார். "ரெண்டாவது கோபுரத்தைத் தேடுறீங்களா மதாம்? ரெண்டாவது கிளாஸைக் குடிங்க, தானாத் தெரியும்."

எல்லோரும் சிரிப்பார்கள், தோட்டத்தை வாங்கிய கம்பெனியின் மேலாளர் லாரியே தவிர.

"நாம புளுகுறோம்னு ஊரெல்லாம் நீங்களே சொல்லுறீங்களே, முசியே?"

"நான் சொல்லல, லேபிள் சொல்லுது. அதை மாத்துங்க."

லேபிளை மாற்றுவதா! நெஞ்சைப் பிடித்துக்கொண்ட கம்பெனி, கோபுரத்தைக் கட்டிவிடுவதே சிக்கனம் என்று முடிவு செய்தது.

கல்தான் சிக்கல். பழைய குவாரி மூடி ஐம்பது வருஷம். அதே நிறக் கல் ஓரிடத்தில்தான் இருந்தது: அன்று இரண்டாவது கோபுரத்துக்கு இறக்கி மிஞ்சிப்போனதை வைத்துக் கட்டிய காவல்காரர் வீட்டில். அதில்தான் அன்செல்மும் மனைவி ஒதீலும் முப்பத்தொரு வருஷமாகக் குடியிருந்தார்கள். லாரியே காகிதத்தை நீட்டினார். ஒயின் கிடங்குக்கு மேலே ஓர் அறை, அதே சம்பளம், சுற்றிக் காட்டும்போது கடைசி வாக்கியம் மட்டும் வேறு: இரண்டு கோபுரமும் பழையவை. இல்லையென்றால் வேலையும் இல்லை, அறையும் இல்லை.

"அத்தனை பேர் முன்னாடி சொன்னேனே, ஒதீல்."

"அந்த அத்தனை பேர்ல யாரு வீட்டுல நமக்கு இடம் இருக்குன்னு கேட்டுட்டு வா. சத்தியத்தைப் போர்த்திக்கிட்டு ரோட்டுல படுக்க என் இடுப்பு ஒத்துக்காது. போடு கையெழுத்தை."

போட்டார். வீடு கல் கல்லாகப் பிரிந்து, வசந்தத்தில் கோபுரமாக எழுந்தது. கொத்தனார் அசந்த நேரத்தில் ஒதீலின் கணப்பிலிருந்து வந்த கல் ஒன்று, கரிபிடித்த பக்கம் வெளியே தெரியப் பதிந்துபோயிற்று.

முதல் கூட்டத்திலேயே ஓர் அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். "முசியே, இந்தக் கல்லு மட்டும் ஏன் இவ்வளவு கறுப்பு? கோபுரம் ரெண்டும் ஒரே காலந்தானா?"

அன்செல்ம் அந்தக் கல்லைப் பார்த்தார். முப்பத்தொரு குளிர்காலம் அதன் முன்னால் குளிர்காய்ந்தவர். பிறகு கோபுரத்தடியிலிருந்து மெதுவாக நாலடி தள்ளி வந்து நின்றுகொண்டார்.

"ஆமா மதாம். ரெண்டுமே 1868."